பாசியில் கரன்ட் வருமா?
கொளவாய் ஏரி முதல் முட்டுக்காடு வரை ஒரு பயணம்

'எங்கள் இறால் குட்டையில் எப்போதும் பாசி இருக்கிறது. அடியில் சேறும் நிறைய. இரண்டையும் வைத்து மின்சாரம் எடுக்கலாம், ஏரேட்டருக்கு ஆகும் கரன்ட் செலவு மொத்தமும் மிச்சம் என்று ஒருவர் வந்து சொல்கிறார். ஒரு பாட்டிலில் பல்பு எரியவிட்டும் காட்டினார். முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?'

செய்யூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்வி இது. 'கொடுக்காதீர்கள்' என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கலாம். ஆனால், சேற்றிலிருந்து மின்சாரம் வருவது பொய்யில்லை. பாசி அதற்குத் துணை செய்வதும் பொய்யில்லை. எது உண்மை, எவ்வளவு உண்மை என்று தெரிந்தால்தான் அடுத்த முறை வேறொருவர் வேறொரு பாட்டிலோடு வந்தாலும் ஏமாற மாட்டோம். நல்ல தண்ணீர் ஏரி, கோயில் குளம், நெல் வயல், கடல் பாறை, உவர்நீர்க் குட்டை என்று பாசி வளரும் அத்தனை இடமும் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கின்றன. தை மாதத்தில் ஒரு நாள் அந்த வழியாகவே போய்ப் பார்த்து வந்தோம்.

கொளவாய் ஏரி: அடுப்பும் விறகும்

செங்கல்பட்டைத் தாண்டும் ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்தவர்கள் கொளவாய் ஏரியைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். மழை முடிந்து தண்ணீர் தளும்பி நிற்கிறது. கரையோரம் ஆகாயத்தாமரை. அதற்கு நடுவே பச்சைப் பெயின்ட்டைக் கரைத்து ஊற்றியது போலப் பாசி. ஒரு குச்சியை விட்டுக் கிளறினால் அடியிலிருந்து கறுப்புச் சேறும் குமிழிகளும் வருகின்றன.

இந்தக் கறுப்புச் சேறுதான் கதையின் தொடக்கம். செத்த இலை, பாசி, கழிவு எல்லாம் அடியில் போய்ப் படிகின்றன. அவற்றைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் அங்கே கோடிக்கணக்கில் உண்டு. நாம் சோற்றைச் சாப்பிட்டு மூச்சுக்காற்றில் உள்ள ஆக்சிஜனால் அதை எரித்துச் சக்தி எடுக்கிறோம். சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லை. அதனால் அங்குள்ள பாக்டீரியாக்கள், உணவிலிருந்து வெளியேறும் எலெக்ட்ரான்களை இரும்பு, கந்தகம் என்று கிடைத்த பொருளிடம் தள்ளிவிடுகின்றன. ஜியோபாக்டர் போன்ற சில வகைகள், பக்கத்தில் ஒரு கரித்தகடு இருந்தால் அதனிடமே தள்ளிவிடும்.

அந்தக் கரித்தகட்டிலிருந்து ஒரு ஒயரை மேலே இழுத்து, தண்ணீரில் மிதக்கும் இன்னொரு கரித்தகட்டோடு இணைத்தால் எலெக்ட்ரான் ஒயர் வழியாக ஓடும். மேலே உள்ள ஆக்சிஜன் அதை வாங்கிக்கொண்டு தண்ணீராக மாறும். ஒயரில் எலெக்ட்ரான் ஓடினால் அதுதான் மின்சாரம். இதற்கு நுண்ணுயிர் மின்கலம் என்று பெயர். 1911-லேயே எம்.சி. பாட்டர் என்ற இங்கிலாந்துத் தாவரவியல் பேராசிரியர், ஈஸ்டையும் பாக்டீரியாவையும் வைத்து இப்படி மின்சாரம் வருவதைக் காட்டிவிட்டார்.

இதில் பாசிக்கு என்ன வேலை? அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். விறகு மட்டும் இருந்தால் எரியாது, காற்றும் வேண்டும். சேறு விறகு. மேல் தகட்டுக்கு வேண்டிய ஆக்சிஜன் காற்று. ஆய்வகங்களில் இதற்காகப் பம்பு வைத்துக் காற்றை ஊதுவார்கள். அந்தப் பம்புக்கு ஆகும் கரன்ட், மின்கலம் கொடுக்கும் கரன்ட்டைவிட அதிகமாகிவிடுவது உண்டு. பம்புக்குப் பதில் மேல் தகட்டைச் சுற்றிப் பாசியை வளர்த்தால், வெயில் பட்டதும் அதுவே ஆக்சிஜனை வெளியே விடும். கீழே பாக்டீரியா விடும் கரியமில வாயுவைத் தனக்கு உணவாக எடுத்துக்கொள்ளும். கழிவுநீரில் உள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் உறிஞ்சும். செத்துக் கீழே விழுந்தால் சேற்றுக்கு விறகாகும்.

ஆக, இந்த வகைக் கலத்தில் பாசி செய்வது ஊதுகுழல் வேலை. அது மின்சாரம் செய்வதைவிட, மின்சாரச் செலவை மிச்சம் பிடிப்பதுதான் பெரிது. பயணம் முடியும்வரை இந்த ஒன்றை மறக்க வேண்டாம்.

திருக்கழுக்குன்றம் சாலை: ஒரு ஏக்கருக்கு எத்தனை பல்பு?

செங்கல்பட்டிலிருந்து கிழக்கே மாமல்லபுரம் சாலையைப் பிடித்தால் வழியில் திருக்கழுக்குன்றம். 12 வருடத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்று ஊரார் நம்பும் சங்கு தீர்த்தக் குளம் இங்குதான். படிக்கட்டு ஓரம் தண்ணீர் பச்சை கட்டியிருக்கிறது. சாலையின் இருபுறமும் நவரைப் பட்ட நடவு நடக்கிறது. நட்டுப் பத்து நாளான வயல்களில், பயிருக்கு இடையே தண்ணீர் மேல் மெல்லிய பாசிப் படலம்.

நெல் வயலிலும் கீழே சேறு, மேலே தண்ணீர், நடுவில் வேர். நெல் வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்னும் பாக்டீரியாக்களிடமிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று ஜப்பானில் வயலிலேயே செய்து பார்த்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். முடிந்தது. வெயில் ஏறினால் மின்சாரமும் ஏறியது, இரவில் இறங்கியது. கிடைத்த அதிகபட்ச அளவு, சதுர மீட்டருக்கு 6 மில்லிவாட்.

மில்லிவாட் என்றால் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் முழுக்க, ஓர் அடிகூட விடாமல், கரித்தகடு புதைத்தாலும் உச்சத்தில் சுமார் 24 வாட்தான். 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்றுகூட முழுதாக எரியாது. தகடு புதைத்த வயலில் உழுவது எப்படி என்ற கேள்வி வேறு.

அறுவடைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னோம். "மூணு பல்புக்கு ஒரு காணி நெலத்தை மாட்டணுமா? அதுக்கு வரப்பு மேல ஒரு சோலார் தகடு வச்சுட்டுப் போவேன் தம்பி" என்றார். அவர் சொன்னதில் திருத்த ஒன்றுமில்லை.

மாமல்லபுரம்: பாறையில் முளைக்கும் கீரை

கடற்கரைக் கோயிலைக் கடல் அரிப்பிலிருந்து காக்கக் கொட்டியிருக்கும் பாறாங்கற்களில், அலை இறங்கும் நேரத்தில் பார்த்தால் பளபளவென்று பச்சை. கீரை இலை போல மெல்லிசாக, கண்ணாடி மாதிரி ஊடே தெரியும். இது அல்வா வகைக் கடற்பாசி. ஆங்கிலத்திலும் இதைக் கடல் கீரை என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். "பாசி வழுக்கும் சார், பார்த்து கால் வைங்க" என்று வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் எச்சரித்தார். வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு பாறைகளில் இது நன்றாகப் படர்ந்து, வெயில் முற்றியதும் காய்ந்து உதிர்கிறது.

பாசி ஊதுகுழல் மட்டுமல்ல, விறகாகவும் ஆகும் என்று சொன்னோம் அல்லவா? அதை அளந்து பார்த்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது. காய்ந்த அல்வா கடற்பாசித் தூளையும், குளோரெல்லா என்ற நுண்பாசியின் தூளையும் நுண்ணுயிர் மின்கலத்துக்கு உணவாகக் கொடுத்தார்கள். குளோரெல்லா ஒரு கிலோவுக்கு 2.5 யூனிட் வரை கொடுத்தது. அல்வா அதைவிடக் குறைவான மின்சாரம் கொடுத்தாலும், இன்னும் முழுமையாகச் செரித்தது. மின்முனையின் ஒரு சதுர மீட்டருக்கு முக்கால் வாட் அளவு கிடைத்தது. இவை ஆய்வகத்தில், சிறிய கலத்தில் கிடைத்த அளவுகள்.

ஒரு கிலோவுக்கு 2.5 யூனிட் என்றதும் ஆசை வரும். ஆனால் ஒரு கிலோ காய்ந்த பாசிக்கு எத்தனை கிலோ ஈரப்பாசியை வழித்து, அலசி, காயவைத்து, அரைக்க வேண்டும் என்று யோசியுங்கள். அந்தக் கூலிக்கு வீட்டுக்கு ஒரு வார மின்கட்டணம் கட்டிவிடலாம். மேலும், பாறையில் இருக்கும் பாசி சும்மா இருக்கவில்லை. சின்ன மீன்களுக்கும் நண்டுகளுக்கும் அதுதான் தீனி, மறைவிடம். அதை வழித்தெடுக்கச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

சென்னைப் பட்டணம் பாசி ஆராய்ச்சிக்குப் புதிய ஊர் அல்ல. இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்லப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அவர் மாணவர் டி.வி. தேசிகாச்சாரி எழுதிய நீலப்பச்சைப்பாசிகள் பற்றிய பெரிய நூலை 1959-ல் வெளியிட்டது, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம். பாசியை வேளாண்மையின் ஒரு பகுதியாகப் பார்த்த பார்வை அது.

இறால் குட்டை: ராத்திரி மூன்று மணி

மாமல்லபுரத்திலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பினால், மேற்குப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய் கூடவே வருகிறது. அங்கிருந்து சற்று உள்ளே, வனாமி இறால் வளர்க்கும் ஒரு பண்ணைக்குப் போனோம். தண்ணீர் இளம்பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். பண்ணைக்காரர் அதை 'கலர்' என்றே சொல்கிறார். கலர் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் கூட்டம்.

"பகல்ல பிரச்சினையே இல்ல சார். கலர் நல்லா இருந்தா சாயந்திரம் நாலு மணிக்கு ஆக்சிஜன் எங்கேயோ நிக்கும். ராத்திரி ரெண்டு, மூணு மணிக்குத்தான் உசிரு கையில இருக்கும். அந்த நேரத்துல கரன்ட் போய் ஜெனரேட்டரும் எடுக்கலேன்னா, காலையில எறா மேல மெதக்கும். நூறு நாள் பாடு ஒரு ராத்திரியில போயிடும்."

பகலில் ஆக்சிஜன் கொடுக்கும் அதே பாசி, இரவில் நம்மைப் போலவே ஆக்சிஜனை இழுக்கிறது. இறாலும் இழுக்கிறது, சேறும் இழுக்கிறது. விடியும் முன்பு அளவு அடிமட்டத்துக்குப் போகிறது. ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. பாசி வைத்த நுண்ணுயிர் மின்கலத்திலும் இதே கதைதான் நடக்கும். பகலில் மின்சாரம் ஏறும். இரவில் இறங்கும். அதாவது, ஏரேட்டர் மிக அவசியமாகத் தேவைப்படும் அந்த மூன்று மணிக்குத்தான் பாசி மின்கலம் மிகவும் சோர்ந்து கிடக்கும். வாசகர் கேட்ட கேள்விக்கு முதல் பதில் இது.

இரண்டாவது பதில் கணக்கு. குட்டைச் சேற்றில் புதைத்த மின்கலம் ஒரு சதுர மீட்டருக்குப் பெரும்பாலும் சில பத்து மில்லிவாட்தான் தரும். 20 மில்லிவாட் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஹெச்.பி. ஏரேட்டருக்கு 746 வாட் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: 37,300 சதுர மீட்டர், அதாவது 9 ஏக்கருக்கு மேல் கரித்தகடு விரித்தால் ஒரே ஒரு ஏரேட்டர் சுற்றும். சூரிய மின்தகடாக இருந்தால் உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் சுமார் 200 வாட் தரும். நாலு சதுர மீட்டர் போதும்.

பண்ணைக்காரர் கால்குலேட்டரில் ஒருமுறை தானும் போட்டுப் பார்த்தார். "எங்கிட்ட இருக்கிறதே அஞ்சு ஏக்கர்தான் சார்" என்று சிரித்தார்.

அப்படியானால் அவர் குட்டைப் பாசிக்கு மதிப்பு இல்லையா? இருக்கிறது. பகல் முழுக்க அது இலவச ஏரேட்டராக ஓடிக்கொண்டிருக்கிறது. கலரைச் சீராக வைத்திருந்தால் பகலில் ஏரேட்டர் ஓட்டும் நேரத்தைக் குறைக்கலாம். வெள்ளையும் கறுப்பும் அடித்த தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்குங்கள். 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் கண்ணுக்கு மறைந்தால் பாசி அளவாக இருக்கிறது. அதற்கு முன்பே மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது, இரவில் கவனம் வேண்டும். தீவனத்தைக் குறைத்து, கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும். ஆக்சிஜனை மீட்டர் வைத்து அளக்காமல் ஏரேட்டரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

முட்டுக்காடு: நாறும் சேறு சொல்லும் செய்தி

முட்டுக்காட்டில் கழிமுகம் கடலோடு சேர்கிறது. மழைக்குப் பிறகு முகத்துவாரம் திறந்து கிடக்கிறது. கோடையில் மணல் திட்டு வந்து அடைத்துக்கொள்ளும். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான சிபாவின் ஆய்வுப் பண்ணை இங்கேதான் இருக்கிறது. ஓரத்தில் கால் வைத்தால் முழங்கால்வரை கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம்.

கந்தகத்திலிருந்து வரும் அந்த நாற்றம், சேற்றுக்குள் எரியாத விறகு நிறைய இருக்கிறது என்பதற்கு அடையாளம். நுண்ணுயிர் மின்கலத்துக்கு இதைவிட நல்ல இடம் கொளவாய் ஏரியில் கிடைக்காது. காரணம் உப்பு. நல்ல தண்ணீரில் மின்சாரம் கடத்துவது கஷ்டம். உப்புத் தண்ணீரில் சுலபம். உலகில் இந்த மின்கலத்தை முதலில் கடலடிச் சேற்றில் புதைத்துப் பார்த்ததற்கும் அது ஒரு காரணம்.

அப்படிச் செய்து பயன்படுத்தியும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தினர், வானிலை அளக்கும் ஒரு மிதவையைச் சேற்று மின்கலத்தால் மட்டுமே இயக்கி, 2008-ல் அதன் விவரத்தை வெளியிட்டார்கள். காற்றின் வெப்பம், அழுத்தம், ஈரப்பதம், தண்ணீரின் வெப்பம் ஆகியவற்றை அளந்து ரேடியோவில் அனுப்பிய அந்த மிதவைக்குத் தேவைப்பட்டது சராசரியாக 18 மில்லிவாட். 2022-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர், டார்ச் செல் அளவுள்ள ஒரு டப்பாவில் நீலப்பச்சைப்பாசியை அடைத்து, ஒரு சின்னக் கணினிச் சில்லை ஆறு மாதத்துக்கு மேல் ஓட்டினார்கள். அங்கே சேறே இல்லை, பாசியே எலெக்ட்ரானைக் கொடுத்தது.

நம் நாட்டிலும் ஆய்வு நடக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காங்ரேக்கர் குழு, கழிவறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்துகொண்டே விளக்கெரிக்கும் அமைப்பை உருவாக்கியது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் எஸ்.வெங்கட மோகன் குழு, மேல் முனையில் பாசி வளர்த்த மின்கலத்தை வசந்த காலத்திலும் கோடையிலும் ஓட்டிப் பார்த்து 2014-ல் முடிவை வெளியிட்டது. வசந்தத்தில் நன்றாக ஓடியது, கோடையில் வெகுவாகப் படுத்துவிட்டது. வெப்பம் கூடினால் பாசியின் ஆக்சிஜன் உற்பத்தி குறையும், தண்ணீரும் ஆக்சிஜனைப் பிடித்துவைக்காது. அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தொடும் செங்கல்பட்டுக்கு இது முக்கியமான செய்தி.

இன்றைய நிலையில் இந்த மின்கலம் மோட்டாரைச் சுற்றாது. குட்டை நடுவில் நின்றுகொண்டு, மனிதர் தூங்கும் நேரத்தில் தண்ணீரின் நிலையை அளந்து சொல்லும் சின்னக் கருவிக்குத் தீனி போட அது போதும். ராத்திரி மூன்று மணிக்கு ஆக்சிஜன் இறங்குகிறது என்று அலைபேசிக்கு ஒரு செய்தி வந்தால், நூறு நாள் பாடு தப்பும். பகலில் கிடைப்பதைச் சேமித்து இரவில் கொடுக்கும் ஏற்பாடும் சேர்ந்து, விவசாயி வாங்கக்கூடிய விலையில் அப்படி ஒரு கருவி வந்தால் அதைப் பற்றி நிச்சயம் எழுதுவோம்.

நீங்கள் கேட்டவை

கேள்வி: பாட்டிலில் பல்பு எரிந்ததைக் கண்ணால் பார்த்தேனே?

பதில்: உள்ளே இருந்தது கரியா, உலோகமா என்று பார்த்தீர்களா? துத்தநாகத் தகடும் செம்புத் தகடும் வைத்தால் உப்புச் சேற்றில் மட்டுமல்ல, எலுமிச்சம்பழத்தில்கூட மின்சாரம் வரும். துத்தநாகம் கரைந்து தீரும்வரை எரியும், பிறகு நின்றுவிடும். அதில் பாசிக்கோ பாக்டீரியாவுக்கோ வேலையே இல்லை. உண்மையான நுண்ணுயிர் மின்கலத்தில் பாக்டீரியா கரித்தகட்டில் ஒட்டி வளரச் சில நாள் முதல் சில வாரம்வரை ஆகும். போட்ட நிமிடமே எரிந்தால் சந்தேகப்படுங்கள். 'எத்தனை வாட், எத்தனை சதுர மீட்டரில், இரவில் எவ்வளவு?' என்று மூன்று கேள்வி கேளுங்கள். எழுத்தில் பதில் தராதவருக்குப் பணம் தராதீர்கள்.

கேள்வி: பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்து பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. ஐந்து லிட்டர் கண்ணாடி ஜாடியில் பாதிவரை குளத்தடிக் கறுப்புச் சேறு போடுங்கள். கார்பன் ஃபெல்ட் துண்டு ஒன்றைச் சேற்றின் அடியில் புதையுங்கள். மேலே அதே குளத்துப் பாசித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, இன்னொரு துண்டை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதக்கவிடுங்கள். இரண்டிலிருந்தும் உறை போட்ட ஒயரை வெளியே எடுங்கள். ஒயரின் செம்பு தண்ணீரில் படக் கூடாது. நடுவில் 1,000 ஓம் மின்தடை ஒன்றை இணைத்து, அதன் இரு முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். வெளிச்சம் படும் இடத்தில் இரண்டு, மூன்று வாரம் வைத்து, காலை, மதியம், இரவு அளவைக் குறித்துவையுங்கள். 0.3 வோல்ட் வந்தால் ஒரு மில்லிவாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒருநாள் ஜாடியைக் கறுப்புத் துணியால் மூடி, அளவு எப்படி மாறுகிறது என்று பார்த்தால் பாசியின் வேலை பிள்ளைகளுக்குப் புரியும். சேற்றைத் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

கேள்வி: நெல் விவசாயிக்குப் பாசியால் பணம் மிச்சமாக வழியே இல்லையா?

பதில்: மின்சாரத்தில் இல்லை, உரத்தில் உண்டு. நீலப்பச்சைப்பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வயலில் சேர்க்கும். நடவு செய்த 10-ம் நாள் ஹெக்டேருக்கு 10 கிலோ தூவி, வயலில் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. செங்கல்பட்டு விவசாயிகளுக்கு இது புதிய பாடமும் அல்ல. வேடந்தாங்கல் ஏரியில் பறவை எச்சம் விழுந்து பச்சையாகும் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்துதான், அந்த ஊரார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பறவைகளைச் சுட வந்தவர்களைப் பற்றி ஆட்சியரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். நவரைக்கு யூரியா வாங்கப் போகும் முன், பக்கத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் நீலப்பச்சைப்பாசியும் அசோலாவும் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.